பிரியப் போகும் மூன்று தம்பதிகளும் நான் எழுதிய நாவலும்

விவாகரத்து கிடைத்த சில வாரங்களிலேயே, விவாகரத்துக் கோரி நிற்கும் தம்பதிகளைப் பற்றி ஒரு காதல் நகைச்சுவை நாவல் எழுத உட்கார்ந்தேன். துக்கத்தை எழுத்தாக மாற்றிக்கொள்ளும் முயற்சி என்று நண்பர்கள் பெருந்தன்மையோடு அதற்கு விளக்கம் கொடுத்தார்கள். உண்மையில், சொல்ல வேண்டிய நேரத்தில் வாயில் வராமல் போன பதில்களையெல்லாம் ஆற அமரச் சொல்லித் தீர்த்துக்கொள்ளும் முயற்சியாகவே அது தொடங்கியது. ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று நம்பிய நாவல் நான்கு ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. மூன்று முறை முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. இந்த வகை நாவலை எழுத எண்ணுபவர்களுக்கு, குறிப்பாகச் சொந்தக் காயம் ஆறுவதற்கு முன்பே எழுத எண்ணுபவர்களுக்கு, நான் தடுக்கி விழுந்த இடங்கள் பயன்படக்கூடும்.

கதையின் அமைப்பு எளிமையானது. குடும்பநல நீதிமன்றம் அனுப்பிவைக்கும் ஆலோசகரின் அறைக்கு வெளியே மூன்று தம்பதிகள் வாரந்தோறும் காத்திருக்கிறார்கள். திருமணமாகி இரண்டே ஆண்டுகளான இளம் தம்பதி. பத்து வயது மகள் உள்ள நடுவயதுத் தம்பதி. முப்பத்தைந்து ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்துவிட்டு, கணவர் பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டே பிரிய முடிவெடுத்த மூத்த தம்பதி. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இந்த ஆறு பேரும் அடுத்த தம்பதியின் சிக்கலைக் கண நேரத்தில் புரிந்துகொள்கிறார்கள். தங்கள் சிக்கல் மட்டும் பிடிபடுவதில்லை. இந்த அமைப்பு முதல் வரைவிலிருந்து கடைசி வரை மாறவில்லை. மற்றவை எல்லாம் மாறின.

முதல் வரைவை, பல ஆண்டுகள் குடும்ப வழக்குகள் நடத்திய ஒரு வழக்கறிஞர் நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தந்தவர், “இதில் ஆறு பேர் இருக்கிறார்கள். ஐந்து பேர் குற்றவாளிகள், ஒருவர் நிரபராதி. அந்த ஒருவர் பேசும்போது மட்டும் உங்கள் குரல் கேட்கிறது” என்றார். அப்போது கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து எடுத்துப் படித்தபோது, நடுவயதுத் தம்பதியில் ஒருவர் எங்கே வாய் திறந்தாலும் மற்றவர் வாயடைத்துப் போவதைக் கண்டேன். வாழ்க்கையில் ஒருமுறைகூட நடக்காத ஒன்று, நாவலில் பக்கத்துக்கு ஒருமுறை நடந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட சண்டையில் வாசகருக்குச் சிரிப்பு வராது. எழுதியவருக்கு மட்டும் நிம்மதி வரும்.

அவர் சொல்லித் தந்த ஒரு பயிற்சியை இன்றும் யாருக்கும் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு தம்பதிக்கும் இரண்டு பக்கம் எழுத வேண்டும். முதல் பக்கம் கணவர் தன் வழக்கறிஞரிடம் சொல்வது, இரண்டாவது பக்கம் மனைவி தன் வழக்கறிஞரிடம் சொல்வது. இரண்டிலும் ஒரு பொய்கூட இருக்கக் கூடாது. இரண்டையும் படிக்கும் மூன்றாம் மனிதர், கடைசியாக எதைப் படித்தாரோ அவர் பக்கம் சாய வேண்டும். நடுவயதுத் தம்பதிக்கு இந்த இரண்டு பக்கங்களை எழுத எனக்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆயின. என் தரப்பு ஒரே நாளில் முடிந்துவிட்டது. எஞ்சிய நாட்கள் முழுவதும் அடுத்த பக்கத்துக்குத்தான் போயின.

சண்டை எதைப் பற்றியது என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த வகை நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. காதல் நகைச்சுவையில் பொதுவாக இருவரும் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளாததால் குழப்பம் பிறக்கிறது. பிரியப் போகும் தம்பதியிடம் அந்த வசதி கிடையாது. மற்றவர் அடுத்து என்ன சொல்வார், எந்தச் சொல்லில் குரல் உயரும், எப்போது கதவைச் சாத்துவார் என்பது வரை இருவருக்கும் மனப்பாடம். எனவே இங்கே சிரிப்பு, அளவுக்கு மீறித் தெரிந்திருப்பதிலிருந்து பிறக்க வேண்டும். நான் இதற்கு வெளிநாட்டு முன்மாதிரிகளைத் தேடி அலைந்துகொண்டிருந்தபோது, விடை நம் அலமாரியிலேயே இருந்தது. திருக்குறளின் 132-ஆவது அதிகாரமான புலவி நுணுக்கத்தில் (புலவி என்றால் ஊடல்) ஒரு காட்சி வருகிறது: தலைவன் தும்முகிறான், தலைவி வாழ்த்துகிறாள், வாழ்த்திய உடனேயே யார் நினைத்ததால் தும்மினீர் என்று கேட்டு அழுகிறாள். அடுத்த குறளில், வந்த தும்மலை அவன் அடக்கிக்கொள்கிறான். உமக்கு வேண்டியவர்கள் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகிறாள். தும்மினாலும் குற்றம், தும்மாவிட்டாலும் குற்றம். இரண்டு குறள்களுக்குள் ஒரு நகைச்சுவைக் காட்சி தொடங்கி, ஒரு படி ஏறி, முடிந்தும்விடுகிறது. புலவியை உப்போடு ஒப்பிட்டு, சிறிது மிகுந்தாலும் கெடும் என்று அதற்கு முந்தைய அதிகாரம் எச்சரிப்பதையும் சேர்த்துப் படித்தபோது, என் மூன்று தம்பதிகளும் எந்தக் கட்டத்தில் நிற்கிறார்கள் என்று அளக்க ஒரு கோல் கிடைத்தது. ஊடல் உணவில் உப்பாக இருந்தது எப்போது, உப்பே உணவானது எப்போது என்பதை ஒவ்வொரு தம்பதிக்கும் குறித்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் சண்டைகள் சிறியவையாயின; சிறியவையானதும் உண்மையாயின. முதல் வரைவில் நடுவயதுத் தம்பதி சுதந்திரம், மரியாதை, தியாகம் என்று பெரிய சொற்களைக் கொண்டு மோதிக்கொண்டார்கள். மூன்றாம் வரைவில் அவர்களுடைய சிக்கல் ஒரே ஒரு சொல்லில் வந்து நின்றது. யார் எதற்கு அழைத்தாலும், மனைவியைக் கேட்காமலே “நாங்கள் வருகிறோம்” என்று சொல்லிவிடுவது அந்தக் கணவரின் பழக்கம். அந்த ‘நாங்கள்’ என்ற சொல்லுக்குள் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தான் இழுத்து அடைக்கப்பட்டதாக மனைவி சொல்கிறார். கணவருக்கோ, தன் அன்புக்கு அதைவிடப் பெரிய சான்று வேறெதுவும் இல்லை. ஆலோசகர் முன்னிலையில் அவர் ‘நான்’ என்று தொடங்கிப் பேசப் பழகும் காட்சியை எழுதியபோது நானே சிரித்தேன். சொந்த எழுத்துக்குச் சிரிப்பது கௌரவமான காரியம் அல்ல என்றாலும், நான்கு ஆண்டுகளில் அது முதல் தடவை.

மூத்த தம்பதிக்கும் இப்படி ஒரு கைப்பிடி தேவைப்பட்டது. கணவரை ஓய்வு பெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஆக்கினேன். பிரிவதற்கான கூட்டு மனுவை மனைவி எழுதிக்கொண்டு வருகிறார். கையெழுத்துப் போட வேண்டியவர், பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, ‘கருத்து வேறுபாட்டை தீர்க்க இயலவில்லை’ என்ற தொடரில் விடுபட்ட ‘த்’ என்ற ஒற்றைச் சேர்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறார். மனைவி ஆலோசகரிடம் அந்தத் தாளை நீட்டி, “காரணம் கேட்டீர்களே, இதுதான்” என்கிறார். அந்தக் கணவர் கெட்டவர் அல்ல. அந்த ‘த்’ அங்கே வர வேண்டியதும் உண்மைதான். நியாயம் ஒருவர் பக்கம் இருந்தும் வாழ்வது கடினமாக இருக்கலாம் என்பதை நான் விளக்கிச் சொல்லாமல் அந்தத் தாளே சொல்லிவிட்டது.

தம்பதியருக்கிடையிலான பூசல்களைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், அவற்றில் சுமார் 69 விழுக்காடு ஒருபோதும் தீராத வகையைச் சேர்ந்தவை என்று எழுதியிருக்கிறார். குணத்தின் வேறுபாட்டிலிருந்து வருபவை அவை. சேர்ந்து வாழ்கிறவர்களும் அவற்றோடுதான் வாழ்கிறார்கள். சண்டைக்கு நடுவே சூட்டைத் தணிக்க ஒருவர் செய்யும் சிறு முயற்சிக்கு, அது ஒரு நகைச்சுவையாகவும் இருக்கலாம், மற்றவர் செவிசாய்க்கிறாரா என்பதை அவர் முக்கியமாகக் கருதுகிறார். நாவல் எழுதுபவருக்கு இது நேரடியாகப் பயன்படும் செய்தி. சேரும் தம்பதியின் சிக்கலைக் கடைசி அத்தியாயத்தில் தீர்த்துவைக்கப் பாடுபட வேண்டியதில்லை. அதே சிக்கல் இருக்கும்போதே ஒருவரின் கேலிக்கு மற்றவர் சிரித்துவிடுவதைக் காட்டினால் போதும். வெறும் கேலி வேறு, இகழ்ச்சி வேறு என்பதையும் அவரிடமிருந்தே கற்றேன். பிரிவை முன்கூட்டிக் காட்டும் அறிகுறிகளில் இகழ்ச்சியைத்தான் அவர் மிக ஆபத்தானதாகச் சொல்கிறார். என் முதல் வரைவின் நகைச்சுவைகளில் பாதிக்கு மேல் அந்த வகைதான்.

சட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் எழுதத் தொடங்கியது என் அடுத்த பிழை. கதை எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம் என்று இடத்தை மங்கலாக வைத்திருந்தேன். அதன் விளைவாகக் கதையில் காலமே ஓடவில்லை. விவாகரத்து நாவலுக்கு நாட்காட்டியைக் கொடுப்பது அந்தந்த நாட்டுச் சட்டம். கலிபோர்னியாவில் மனு எதிர்த்தரப்புக்குச் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் கழிய வேண்டும். இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் 6 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, மனுவுக்கும் நிபந்தனை ஆணைக்கான விண்ணப்பத்துக்கும் இடையே 20 வாரங்களும், அந்த ஆணைக்குப் பின் இறுதி ஆணைக்கு மேலும் ஆறு வாரங்களும் காத்திருக்க வேண்டும். இந்தியாவில், 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் சேர்க்கப்பட்ட 13-பி பிரிவின்படி, ஓராண்டு பிரிந்து வாழ்ந்த தம்பதி பரஸ்பர சம்மதத்துடன் கூட்டாக மனுச் செய்யலாம். ஆறு மாதத்துக்குப் பின், பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மீண்டும் வந்து தங்கள் முடிவை உறுதிசெய்ய வேண்டும். இந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தக்க வழக்குகளில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் கூறியது.

நான் இந்தியச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு 1991-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு காரணம். ‘பிரிந்து வாழ்தல்’ என்பது கணவன் மனைவியாக வாழாமலிருப்பதையே குறிக்கும், ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டும் பிரிந்து வாழ முடியும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. இறுதி ஆணை பிறக்கும் வரை இருவரில் எவரும் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்றும் சொல்கிறது. ஒரு நகைச்சுவை எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய கொடையை எந்த நீதிபதியும் தர முடியாது. ஒரே வீட்டில் இருந்தபடியே தாங்கள் பிரிந்து வாழ்வதை நிலைநாட்ட என் நடுவயதுத் தம்பதி படும் பாடு நாவலில் நான்கு அத்தியாயங்கள் வருகிறது. கணவர் இருமினால் மனைவி மாத்திரையைக் கொண்டுவந்து கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, அது மனைவியாக வைத்ததா, மனிதராக வைத்ததா என்று தமக்குள் வழக்காடுகிறார்.

இங்கே சற்று விலகி, சட்டமே கேலிக்கூத்தாக இருந்த காலத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1937 வரை, பிறழுறவை மெய்ப்பிக்காமல் பொதுவாக விவாகரத்துப் பெற முடியாது. இருவரும் பேசிவைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று தெரிந்தால் அதுவே மறுக்கக் காரணமாகிவிடும். எனவே இருவரும் மனமொத்துப் பிரிய விரும்பினால், ஒற்றுமையாகத் திட்டமிட்டு, ஒற்றுமையே இல்லாதது போல் நடிக்க வேண்டும். கணவர் ஒரு ஹோட்டலில் அறை எடுத்து, கூலிக்கு அமர்த்திய பெண்ணோடு இருப்பதைப் பணியாளர் பார்த்துச் சாட்சி சொல்லும்படி ஏற்பாடு செய்துகொள்வதும் நடந்தது. இந்த அபத்தத்தை வைத்து ஏ. பி. ஹெர்பர்ட் 1934-இல் ‘ஹோலி டெட்லாக்’ என்ற நகைச்சுவை நாவலை எழுதினார்; அடுத்த ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினரானார்; கொடுமை, கைவிட்டுச் செல்லுதல் முதலியவற்றையும் காரணங்களாகச் சேர்த்த 1937-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் முயற்சியில் நிறைவேறியது. அவருக்குச் சிரிப்பை வழங்கச் சட்டமே முன்வந்தது. குற்றம் சாட்டாமலே பிரியலாம் என்றாகிவிட்ட இடங்களில் எழுதுகிற நமக்கு அந்த உதவி கிடைக்காது. தம்பதியை மட்டுமே நம்ப வேண்டும்.

நீதிமன்ற வளாகத்துக்கும் பல நாட்கள் போய் உட்கார்ந்தேன். குடும்ப நீதிமன்றங்களுக்கான 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தரப்பினரில் ஒருவர் விரும்பினாலே விசாரணையை மூடிய அறையில்தான் நடத்த வேண்டும். அந்த மறைவை மதித்து நான் தாழ்வாரத்தோடு நின்றுகொண்டேன். அங்கே கேட்ட எந்த உரையாடலையும் நாவலில் எடுத்தாளவில்லை. மனிதர்கள் எப்படி உட்கார்கிறார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். பேசிக்கொள்ளாத ஒரு தம்பதி, அழைப்பு வந்ததும் ஒரே கணத்தில் எழுந்து, ஒரே காலை முன்னே வைத்து நடந்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

இரண்டாம் வரைவில் மூன்று தம்பதிகளையும் சேர்த்துவைத்தேன். வாசித்தவர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார்கள். மூன்றில் ஒரு தம்பதியாவது பிரிந்திருந்தால்தான் மற்றவர்கள் சேர்ந்ததை நம்பியிருப்போம் என்றார்கள். பிரிந்த காதலர் மீண்டும் கூடும் பழைய ஹாலிவுட் நகைச்சுவைகளை ‘மறுமண நகைச்சுவை’ என்று வகைப்படுத்தி 1981-இல் நூல் எழுதிய தத்துவ அறிஞர் ஸ்டான்லி காவெலின் பார்வை அப்போது கைகொடுத்தது. அவற்றின் உந்துதல் இருவரைச் சேர்ப்பதல்ல, மீண்டும் சேர்ப்பது என்கிறார் அவர். அந்த ‘மீண்டும்’ என்ற சொல்லுக்குத் தகுதியான தம்பதி யார் என்று பார்த்தேன். இளம் தம்பதி ஒருவரையொருவர் புண்படுத்த அஞ்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர்கள். அவர்களிடம் மீட்டெடுக்க ஒரு சண்டைகூட இல்லை, அமைதியாகப் பிரிந்தார்கள். மூத்த பெண்மணிக்குத் தேவைப்பட்டது யாரும் திருத்தாத ஒரு வாழ்க்கை. அதை அவரிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை. நடுவயதினர் மட்டும் சேர்ந்தார்கள். இரண்டாம் முறை வந்து நிற்கும்போது, முடிவில் மாற்றம் உண்டா என்ற கேள்விக்குக் கணவர் ஆறு மாதப் பயிற்சியின் பலனாக “நான்…” என்று தொடங்கித் தடுமாற, மனைவி பொறுமையிழந்து “நாங்கள்” என்று திருத்துகிறார்.

இரண்டு எல்லைகளை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். அடியும் அச்சமும் உள்ள ஒரு மணவாழ்க்கையை இந்த வகை நாவலுக்குள் கொண்டுவரக் கூடாது. அங்கே மீண்டும் சேர்வது மகிழ்ச்சியான முடிவாகாது, வாசகரைச் சிரிக்கச் சொல்வது கொடுமையாகும். குழந்தையைத் தூது போகவும் ஒட்டவைக்கவும் பயன்படுத்தக் கூடாது. முதல் வரைவில் அந்தப் பத்து வயதுச் சிறுமி ஞானியைப் போலப் பேசிப் பெற்றோரைச் சேர்த்துவைத்தாள். இப்போது அவள் தன் மிதிவண்டி எந்த வீட்டில் இருக்கும் என்று மட்டும் கேட்கிறாள், அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் கைப்பிரதியை, என்னோடு வாழ்ந்து பிரிந்தவருக்கு அனுப்பினேன். சட்டம் அதைக் கோருகிறதோ இல்லையோ, எங்கள் இருவர் வாழ்விலிருந்து எடுத்தவற்றுக்கு நான் மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்று தோன்றியது. ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. பதினான்கு இடங்களில் சிவப்பு மையில் குறிகள். அவற்றில் பதினொன்று ஒற்றுப்பிழைகள். இரண்டு இடங்களை எடுத்துவிடும்படி கேட்டிருந்தார், எடுத்துவிட்டேன். பதினான்காவது குறி, நடுவயதுத் தம்பதியின் பெரிய சண்டையில் கணவர் சொல்லும் கடைசி வரிக்குப் பக்கத்தில் இருந்தது: “நீங்கள் என்னோடு சண்டை போடவில்லை, என்னைப் பற்றி என்னிடமே புகார் சொல்கிறீர்கள்.” பக்கவாட்டில், “இதைச் சொன்னது நான்” என்று எழுதியிருந்தார். ஐந்து முறை திருத்தியும் அந்தக் காட்சி ஏனோ முடியாமல் தொங்கிக்கொண்டே இருந்தது. வரியைக் கணவரிடமிருந்து எடுத்து மனைவிக்குக் கொடுத்தேன். வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.